பெரிய நாய், சிறிய குழந்தைகள்: இல்ல நிர்வாகத்தில் ஒரு பாடம்

நாய் வளர்க்கும் முடிவை நாம் பெரும்பாலும் இரண்டு மாதக் குட்டியைக் கண்டு எடுக்கிறோம். அம்முடிவின் விளைவை எட்டு மாத நாயிடம் சந்திக்கிறோம். இரு கைகளில் அடங்கிய லாப்ரடார் குட்டி, எட்டாம் மாதத்தில் ஏறத்தாழ 25 கிலோ எடையை எட்டிவிடுகிறது. அதே வீட்டிலுள்ள மூன்று வயதுக் குழந்தையின் எடையோ 14 கிலோ அளவே. நாய் மகிழ்ச்சியுடன் ஓடிவந்து மோதினால்கூடக் குழந்தை கீழே விழும்.

இக்காலத்தில் வீட்டின் நிலையும் மாறுகிறது. சோபாவின் மூலை கிழிகிறது. செருப்பு, பாடப்புத்தகம், சார்ஜர் கம்பி, டிவி ரிமோட் என ஒவ்வொன்றாகப் பற்களுக்கு இரையாகின்றன. பெற்றோர் களைத்துப் போகின்றனர். களைப்பில் எடுக்கப்படும் முடிவுகள் பொதுவாக மூன்று: நாயை நாள் முழுதும் சங்கிலியில் கட்டுதல், அடித்துத் திருத்த முயலுதல், எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடுதல். இம்மூன்றும் தீர்வாகா. குழந்தையையும் காத்து, நாயையும் கைவிடாமல், வீட்டையும் ஒழுங்கில் வைக்கும் வழி ஒன்று உண்டு. நம் நாட்டு அடுக்ககங்களில் மிகுதியாக வளர்க்கப்படும் லாப்ரடாரை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனைக் காண்போம். பிற பெரிய இனங்களுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும்.

1. சேதம் ஏன் நிகழ்கிறது?

முதற்காரணம் வயது. நாய்க்குட்டிக்கு 28 பாற்பற்கள் உண்டு. அவை விழுந்து, ஏழாம் மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் முளைக்கின்றன. ஈறு உறுத்தும் இக்காலத்தில் குட்டி கடினமான எதையும் கடிக்க விழையும். பல் முளைத்து முடிந்த பின்னரும் கடிக்கும் இயல்பு ஓய்வதில்லை. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் நாயின் விடலைப் பருவம் தொடங்குகிறது. பெரிய இன நாய்கள் மனமுதிர்ச்சி அடைய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். உடல் வளர்ந்துவிட்டதால் அறிவும் வளர்ந்துவிட்டது என நாம் கருதுவதே பல ஏமாற்றங்களுக்கு வேர்.

இரண்டாம் காரணம் பிறவி இயல்பு. லாப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களுடன் உழைத்த நாய்கள். பின்னர் பிரிட்டனில், வேட்டையில் வீழ்ந்த நீர்ப்பறவைகளை வாயில் கவ்விக் கொணரும் பணிக்காக இவ்வினம் வளர்த்தெடுக்கப்பட்டது. ஆகவே பொருள்களை வாயால் எடுப்பது அதற்குக் குறும்பன்று, தொழில். குழந்தையின் பொம்மையைக் கவ்விக்கொண்டு ஓடும்போது நாம் கூச்சலிட்டுத் துரத்தினால், அதனை ஒரு விளையாட்டாகவே நாய் கொள்கிறது. மறுநாளும் அவ்விளையாட்டை நாடுகிறது.

மூன்றாம் காரணம் தனிமையும் சலிப்பும். வீட்டார் இருக்கும்போது அமைதியாக இருந்து, அவர்கள் வெளியேறியதும் கதவைப் பிறாண்டி இடைவிடாது குரைக்கும் நாய் அச்சத்தில் இருக்கக்கூடும். அதற்குக் கால்நடை மருத்துவரின் ஆலோசனை தேவை. எல்லா வேளையிலும் எல்லாவற்றையும் கடிக்கும் நாய்க்கோ பெரும்பாலும் போதிய வேலை இல்லை என்பதே பொருள்.

மாலையில் வீடு திரும்பும்போது நாய் தலைகவிழ்ந்து நிற்பதைக் கண்டு, தன் குற்றத்தை அது உணர்ந்திருக்கிறது எனக் கருதுகிறோம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. அத்தோற்றம் நாய் தவறு செய்ததைப் பொறுத்து அமையவில்லை, உரிமையாளர் கடிந்துகொண்டதைப் பொறுத்தே அமைந்தது. ஆகவே, காலையில் கிழித்த தலையணைக்காக மாலையில் அடிப்பதால் நாய் எதையும் கற்பதில்லை. நம் வருகையை அஞ்சக் கற்கிறது. அஞ்சும் நாயே சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கூடுதல் இடர் தருவது.

2. இரண்டு சாவிகள்

வங்கிக் கிளையின் பணப் பெட்டகத்தை ஒருவர் மட்டும் திறக்க இயலாது. இரு அலுவலர்களிடம் தனித்தனிச் சாவிகள் இருக்கும். இருவரும் உடனிருந்தால்தான் கதவு திறக்கும். எந்த அலுவலரின் நேர்மையையும் ஐயுற்று இம்முறை ஏற்படவில்லை. தவறு நேரக்கூடிய இடத்தில் நல்லவர் ஒருவரைத் தனியே நிறுத்தாமல் காப்பதே இதன் நோக்கம்.

குழந்தையும் நாயும் உள்ள வீட்டிற்கும் இவ்விதி பொருந்தும். “எங்கள் நாய் எதுவும் செய்யாது” என்ற நம்பிக்கை உண்மையாகவே இருக்கலாம். எனினும் சிறு குழந்தையையும் நாயையும் ஒருபோதும் தனியே விடலாகாது. அவை இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் விழிப்புடன் ஒரு பெரியவர் உடனிருக்க வேண்டும். பெரியவர் இல்லாவிடில் இடையே தடுப்பு இருக்க வேண்டும். மூன்றாவது நிலை ஒன்று இல்லை. கைப்பேசியைப் பார்த்தபடி அதே அறையில் அமர்ந்திருப்பது கண்காணிப்பு ஆகாது. அழைப்பு மணி ஒலித்துக் கதவைத் திறக்கச் செல்வதாயின், நாயையோ குழந்தையையோ உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

இவ்விதி குழந்தையை மட்டும் காப்பதன்று. சிறு குழந்தையின் முகம் நாயின் வாயருகே இருக்கும் உயரத்தில் உள்ளது. ஆகவே குழந்தைகளுக்குக் காயம் முகத்திலும் கழுத்திலும் நேர்வது மிகுதி. அத்தகைய ஒரு கடிக்குப் பின் அந்நாய்க்கும் அவ்வீட்டில் இடம் இராது. இருவரும் இழப்பது ஒரே கணத்தில்.

3. நாய் தரும் முன்னறிவிப்பு

“திடீரெனக் கடித்துவிட்டது” என்று நாம் கூறும் நிகழ்வுகளில் பலவற்றில் முன்னறிவிப்பு இருந்திருக்கும். நாம் அதனைப் படிக்கவில்லை. நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், உணவு இல்லாதபோதும் உதட்டை நக்குதல், உறக்கமின்றிக் கொட்டாவி விடுதல், கண்ணின் வெண்பகுதி பிறைபோலத் தெரியுமாறு ஓரக்கண்ணால் நோக்குதல், உடல் விறைத்து அசையாது நிற்றல் ஆகியவை “எனக்கு இது பிடிக்கவில்லை” என்பதன் அடையாளங்கள். வால் அசைவதை மட்டும் கண்டு மகிழ்ச்சி என முடிவு செய்யலாகாது. விறைத்த உடலுடன் வாலசைக்கும் நாயும் உண்டு.

உறுமல் இவ்வரிசையின் இறுதியில் வரும் எச்சரிக்கை. உறுமியதற்காக நாயை அடித்தால் உறுமல் நிற்கும். அதன் காரணமான அச்சமோ சினமோ நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கையின்றியே கடி நேரலாம். எனவே உறுமிய நாயைத் தண்டிக்காமல், குழந்தையை அமைதியாக விலக்கி, எது காரணம் என ஆராய்தல் வேண்டும். உறுமல் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். காதுவலியும் மூட்டுவலியும்கூட நாயைச் சினமூட்டும்.

4. குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டியவை

மூன்று வயதுக் குழந்தைக்கு நீண்ட அறிவுரை பயன்தராது. நான்கு விதிகள் போதும்.

• உண்ணும் நாயிடமும் உறங்கும் நாயிடமும் செல்லக் கூடாது.
• நாயைக் கட்டிப்பிடித்தல், அதன்மேல் ஏறுதல், வாலையும் காதையும் இழுத்தல் கூடாது.
• நாயின் வாயிலிருந்து எதையும் பிடுங்கக் கூடாது. பெரியவரை அழைக்க வேண்டும்.
• நாய் பாய்ந்தால் ஓடக் கூடாது. கைகளை மடக்கிக்கொண்டு மரம்போல அசையாது நிற்க வேண்டும்.

நான்காம் விதியை விளையாட்டாகப் பலமுறை பழக்கலாம். ஓடும் குழந்தையை நாய் துரத்தும். அசையாத குழந்தையிடம் அதற்கு ஆர்வம் குறையும். எனினும் குழந்தை விதியை மறக்கும் என்றே நாம் கொள்ளுதல் வேண்டும். விதியைக் காக்கும் பொறுப்பு பெரியவருடையது.

5. வீட்டையும் நாளையும் ஒழுங்கமைத்தல்

கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் ஓர் அடுக்ககக் குடும்பத்தைக் கருதுவோம். குழந்தைகளுக்கு வயது ஆறும் மூன்றும்; வீட்டில் பாட்டி இருக்கிறார்; நாய்க்கு எட்டு மாதம். பகலில் 25 கிலோ நாயையும் மூன்று வயதுக் குழந்தையையும் ஒருங்கே கவனிக்கும் சுமை பாட்டியின் மேல் விழுகிறது. இஃது அவரால் இயலாத காரியம். ஆகவே இடத்தைப் பிரிப்பதே முதற்பணி. வராந்தாவிலோ ஓர் அறையின் மூலையிலோ குறுக்குத் தடுப்புக் கதவு அமைத்து, காற்றும் நிழலும் நீரும் உள்ள அவ்விடத்தை நாய்க்கென ஒதுக்கலாம். அவ்விடத்திற்குக் குழந்தைகள் செல்லலாகாது. நாய்க்கு அது தண்டனைக் கூடம் ஆகாமல், உணவும் உறக்கமும் கிடைக்கும் அமைதியான இடமாக இருக்க வேண்டும்.

அடுத்தது வேலை. வெயில் ஏறுமுன் காலையில் ஒரு நடை, மாலை வெப்பம் தணிந்தபின் ஒரு நடை. நடையில் மோப்பம் பிடிக்க விடுதல் வேண்டும். மோப்பம் நாயின் மூளைக்கு உழைப்பு. காலை உணவின் ஒரு பகுதியைத் துணிச்சுருளில் மறைத்துத் தேடச் செய்யலாம். ‘உட்கார்’, ‘விடு’, ‘இங்கே வா’ என்னும் மூன்று சொற்களை நாளொன்றுக்கு ஐந்து நிமிட அளவில் மும்முறை பழக்கி, சரியாகச் செய்தவுடன் சிறு தின்பண்டம் தரலாம். கவ்விய பொருளைத் துரத்திப் பிடுங்காமல், அதனினும் விரும்பத்தக்க ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுதல் நலம்.

பிறகு பொருள்களின் காவல். நாய்க்கு எட்டும் உயரத்தில் உள்ள எதுவும் அதற்கு உரியது என்றே கருதிச் செருப்பையும் பொம்மையையும் அடுக்க வேண்டும். காலுறை, மாங்கொட்டை, சோளக்கட்டை ஆகியவை குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை செல்ல நேரும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், மனிதருக்கான வலிநிவாரணி மாத்திரைகள் ஆகியவை நாய்க்கு நஞ்சு. குழந்தை அன்புடன் ஊட்டும் கேக்கிலும் இடர் இருக்கலாம்.

6. பற்பட்டால் செய்ய வேண்டியவை

வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் போட்டு, பின்னர் கால்நடை மருத்துவர் குறிக்கும் நாளில் ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். குடற்புழு நீக்க மருந்தும் தவறலாகாது. விளையாட்டில் பற்பட்டுத் தோல் கீறினாலும் அதனைப் புறக்கணிக்கக் கூடாது. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு ஆகியவற்றைத் தடவலாகாது. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. உரிய காலத்துத் தடுப்பூசியோ அதனைத் தடுக்கவல்லது. நாய் தடுப்பூசி பெற்றிருந்தாலும், குழந்தைக்கு ஊசி வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தொடங்கிய தவணைகளை இடையில் நிறுத்தலாகாது.

7. வரவு செலவும் சட்டமும்

உணவு, தடுப்பூசி, உரிமக் கட்டணம் ஆகியவை நாம் எதிர்பார்க்கும் செலவுகள். எதிர்பாராதவை சிகிச்சையும் சேதமும். நாய் வீட்டிற்கு வந்த மாதத்திலேயே அதற்கெனத் தனித் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்குதல் நன்று. மாதம் 1,500 ரூபாய் செலுத்தினால் ஓராண்டில் 18,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். நள்ளிரவில் நாயை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் நிலையில், பணத்தை எண்ணி முடிவெடுக்கும் துன்பம் அப்போது நேராது.

காப்பீட்டைப் பற்றியும் தெளிவு வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீடு தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்ற குறிப்பிட்ட இடர்களுக்கானது. நாய் கிழித்த சோபா அப்பட்டியலில் இல்லை. வளர்ப்பு நாய்களுக்கான தனிக் காப்பீட்டைச் சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்குகின்றன. சிகிச்சைச் செலவு, மூன்றாம் நபருக்கு நேரும் காயத்திற்கான பொறுப்பு ஆகியவை அதில் அடங்குமா, எந்த வயது முதல் பொருந்தும் என்பவற்றைப் படித்தறிந்து கையொப்பமிட வேண்டும்.

சட்டமும் உரிமையாளரின் பொறுப்பை வலியுறுத்துகிறது. வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறினால், பாரதிய நியாய சம்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுபுறம், 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், நாயை அளவுக்கு மீறிய நேரம் குறுகிய சங்கிலியில் கட்டிவைப்பதையும், பசியாலும் தாகத்தாலும் துன்புறுமாறு கைவிடுவதையும் குற்றமாகக் கொள்கிறது. எல்லா முயற்சிக்குப் பின்னும் குழந்தையின் பாதுகாப்பு உறுதிப்படாவிடில், கால்நடை மருத்துவரின் துணையுடன் குழந்தைகள் இல்லாத பொறுப்பான குடும்பம் ஒன்றைத் தேடி, நாயின் பழக்கங்களை மறைக்காமல் கூறி ஒப்படைப்பதே முறை. அது கைவிடுதல் ஆகாது.

8. இவ்வாரப் பயிற்சி

ஒரு குறிப்பேட்டில் ஏழு நாள்களுக்கு நாயின் நடவடிக்கைகளைப் பதிவு செய்க. நேரம், கடித்த பொருள், அப்போது உடனிருந்தவர், அதற்கு முந்தைய ஒரு மணிநேரத்தில் நாய் செய்தது என நான்கு பத்திகள் போதும். நாள்வழிப் பேரேட்டைப் போலவே இதுவும் வார இறுதியில் ஓர் ஒழுங்கைக் காட்டும். சேதம் பெரும்பாலும் மாலை ஆறு முதல் எட்டு வரை, நடைக்குச் செல்லாத நாள்களில், குழந்தைகள் கூச்சலிட்டு ஓடும் வேளையில் நிகழ்வதாகக் காணப்படலாம். அவ்வாறாயின் மாற்ற வேண்டியது நாயின் குணத்தையன்று, அவ்விரண்டு மணிநேரத்தின் ஏற்பாட்டையே. ஏற்பாட்டை மாற்றியபின் அடுத்த வாரமும் பதிவு செய்து, இரு வாரங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க.