ஐப்பசிக்கு முன்: எலிக் கொட்டிலில் சிற்றுண்ணிக் காவல்

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடும். வளைகளில் தண்ணீர் புகுந்ததும் பெருச்சாளியும் வீட்டெலியும் மேடான, காய்ந்த இடம் தேடிக் கிளம்பும். பாம்புகளுக்கும் மீட்கப்பட்ட ஆந்தை, பருந்துகளுக்கும் இரையாக வெள்ளை எலிகளையும் சுண்டெலிகளையும் வளர்க்கும் கொட்டிலில் அவை தேடுகிற கதகதப்பு, தானியம், உமி எல்லாமே இருக்கின்றன. அப்படி உள்ளே நுழையும் எலியின் உடம்பில் சிற்றுண்ணிகளும் சேர்ந்து வரும். காற்றில் ஈரம் குறைந்தால் உடல் வற்றிச் சாகும் இனம் அது. மழைக்காலம் அதற்கு நல்ல காலம்.

எந்தச் சிற்றுண்ணி என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. மயோபியா, மயோகாப்டிஸ், ராட்ஃபோர்டியா ஆகியவை ரோமத்திலேயே குடியிருந்து, முடியின் அடியில் முட்டையை ஒட்டவைப்பவை. எலி கழுத்தையும் தோளையும் ஓயாமல் சொறியும். முடி கொட்டும், பொருக்குத் தட்டும். வெப்பமண்டல எலி உண்ணியான ஆர்னிதோநிசஸ் பகோட்டியின் வழி வேறு. அது எலியின் மேல் தங்குவதில்லை. பகலில் படுக்கையிலும் பெட்டி இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். பகலில் எலியைத் தூக்கிப் பார்ப்பவர் கண்ணில் ஒன்றும் படாது. ஆனால் குட்டிகள் வெளுத்துச் சாகும், தாய் எலியின் காது வெளிறும், ஈற்றுக்கு ஈற்று குட்டிகள் குறையும். தீவனத்தின் மேல் பழி போட்டு மாதக்கணக்கில் ஏமாறுபவர்கள் உண்டு.

சோதனை எளிது. ரோமத்துக்கு, ஒட்டும் செல்லோடேப்பைத் தோள்பட்டையில் அழுத்தி எடுத்துக் கைலென்சில் பார்க்கலாம். இரவு உண்ணிக்கு, பெட்டிக்கு அடியில் வெள்ளைத் தாளை விரித்துவைத்து, விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடிக்கவும். இரத்தம் குடித்தவை மிளகாய்த்தூள் நகர்வதுபோலத் தெரியும். கொட்டிலில் வேலை செய்பவருக்கு இடுப்பிலும் பெல்ட் ஓரத்திலும் அரிக்கும் சிவப்புத் தடிப்புகள் வந்தால் அதுவும் ஒரு சாட்சிதான்.

மருந்துக்குப் போகும் முன் எலிகளைப் பிரிக்க வேண்டும். இரைக்கென்று ஒதுக்கியவற்றில் தோல் புண்ணோ சோர்வோ இல்லாதவற்றை, மருந்து எதுவும் படாமல், வலியில்லாத முறையில் கொன்று உறையவைத்துவிடலாம். ஆழ்குளிரில் சில நாள் இருந்தால் உடம்பிலுள்ள உண்ணியும் சாகும். மருந்து இனப்பெருக்க எலிகளுக்கு மட்டும். மருந்து கொடுத்த எலியைக் குறைந்தது ஒரு மாதத்துக்கு எந்த விலங்குக்கும் இரையாக்க வேண்டாம். குளிரூட்டுவதால் மருந்தின் வீரியம் போகாது. சிற்றுண்ணிக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்தான ஐவர்மெக்டின் ஆமைகளைக் கொல்லும் என்பதால், ஆமையும் இருக்கும் காப்பகங்கள் இரட்டை எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

ஐவர்மெக்டினைக் கையாள்வதில்தான் பெரிய விபத்து நேர்கிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் என்பது கால்நடை மருத்துவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு. 30 கிராம் சுண்டெலிக்குக் கணக்குப் போட்டால் குறைந்த அளவு 0.006 மில்லிகிராம். மாட்டுக்குப் போடும் 1 சதவீத ஊசி மருந்தின் ஒரே சொட்டில் சுமார் 0.5 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது, எண்பது சுண்டெலிகளுக்கான மருந்து. 'ஒரு சொட்டுதானே' என்று நாக்கில் விடுவது கொலைக்குச் சமம். நீர்த்துத் தரும் வேலையையும் அளவையும் கால்நடை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். பால் வழியாகவும் மருந்து இறங்கும். பச்சைக் குட்டியின் மூளைக்கு அதைத் தடுக்கும் அரண் இன்னும் முழுதாக அமைந்திருக்காது. எனவே பாலூட்டும் தாய்களைத் தனியே வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை படுக்கையை மாற்றி, சுமார் 21 நாளில் பால் மறந்தபின் மருந்து கொடுக்கலாம்.

முட்டையை மருந்து தொடாது. அதனால் 7 முதல் 14 நாள் இடைவெளியில் மறுமுறை கொடுத்தே ஆக வேண்டும். சொறி நின்றுவிட்டது என்று இரண்டாம் முறையைத் தவிர்க்கிற கொட்டிலில் ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

முதல் மருந்து கொடுக்கும் அதே நாளில் எல்லாப் பெட்டிகளையும் ஒரே சமயத்தில் காலி செய்யவும். பாதியை இன்று, மீதியை ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளிப்போடுவது உண்ணிக்கு வழிவிடுவது. பழைய உமியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். கொட்டில் பக்கத்துக் குப்பையில் கொட்டக் கூடாது. பெட்டி, தண்ணீர்ப் புட்டி, கம்பி மூடி எல்லாவற்றுக்கும் கொதிநீர். ப்ளீச்சிங் பவுடர் கிருமிக்கானது. உண்ணிக்கு அதை நம்ப வேண்டாம். அலமாரி மூலைகளையும் சுவர் வெடிப்புகளையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடைக்கவும். மாட்டு உண்ணி மருந்தை எலி மேல் தெளிப்பது, நாஃப்தலின் உருண்டை போடுவது, நுண்ணிய பொடிகளைத் தூவுவது மூன்றும் கூடாது. எலியின் நுரையீரல் தூசைத் தாங்காது.

கொட்டிலையே காலி செய்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. இரை இல்லாமல் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் எலி உண்ணி, எலி கிடைக்காதபோது மனிதரைக் கடிக்கும். 1946இல் நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் குடியிருப்பில் நூற்றுக்கும் மேற்பட்டோர் காய்ச்சலும் கொப்புளமுமாகப் படுத்தார்கள். பூச்சி ஒழிப்புத் தொழிலாளி சார்லஸ் பொமரான்ட்ஸ் கட்டடத்தின் அடித்தளத்தில், குப்பை எரிக்கும் உலை அருகே, சுண்டெலிகளின் சிற்றுண்ணிகள் சுவரில் ஊர்வதைக் கண்டார். அவர் காட்டிய தடத்தில் போன ராபர்ட் ஹூப்னர் என்ற மருத்துவர் ரிக்கெட்சியா அகாரி கிருமியைப் பிரித்தெடுத்தார். அங்கே நோயைக் கடத்தியது வேறொரு சிற்றுண்ணி இனம். எனினும் எலியை மட்டும் பார்த்து, அது வாழும் இடத்தைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல சான்று.

இனி, மழை வரும்வரை செய்ய வேண்டியவை. கதவடியில் தகடு அடித்து, சன்னலுக்குச் சிறுகண் கம்பிவலை போடவும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்து, அதன் கால்களைச் சுற்றி வாஸ்லீனைப் பட்டையாகப் பூசவும். அரிசி ஆலையிலிருந்து வரும் உமியில் காட்டெலியின் எச்சம் இருக்க வாய்ப்பு அதிகம். வெயில் உள்ளபோதே மழைக்காலத்துக்கான உமியை வாங்கி, நன்றாகக் காயவைத்து, ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்தபின், மூடியுள்ள டிரம்மில் அடைக்கவும். தீவன மூட்டையும் தரையில் கிடக்கக் கூடாது. புதிதாக வாங்கிய எலிகளை வேறு அறையில் நான்கு வாரம் வைத்து, அங்குள்ள வேலையை நாளின் கடைசியில் செய்து, பிறகு உடை மாற்றுங்கள். அந்த நான்கு வாரத்திலும் வாரம் ஒருமுறை செல்லோடேப் சோதனையும் இரவு டார்ச் சோதனையும் தொடரட்டும்.