புளி போட்டுத் துலக்கிய காலணா

பிரிட்டிஷ் இந்தியச் செப்புக்காசுகளை வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் சொல் ‘யுஎன்சி’. புழக்கத்துக்கே வராத காசு என்று பொருள். விக்டோரியா காலணா ஒன்று செக்கச்செவேலென்று மின்னினால் போதும், விற்பவர் அந்த மூன்றெழுத்தைச் சொல்லிவிடுவார். விலையும் ஏறிவிடும்.

நம்பிக்கை: மின்னுகிற காசெல்லாம் புழங்காத காசு.

உண்மை: மினுக்கம் வேறு, அக்கசாலைப் பொலிவு வேறு. அச்சு அழுத்தும்போது செம்பு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வு மிக நுண்ணிய வரிகளைப் பரப்பில் விட்டுச்செல்லும். ஒற்றை விளக்கின் கீழே காசைச் சாய்த்துச் சுழற்றினால், பட்டுச்சேலையைத் திருப்பும்போது நிறம் ஓடுவதுபோல, ஓர் ஒளிப்பட்டை சுற்றிச்சுற்றி வரும். பொலிவு என்பது அதுதான். வரிகள் அழிந்துவிட்டால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் திரும்பாது.

பூஜைச் செம்பைத் துலக்கப் புளி அருமையான சாமான். காசுக்கு அது எமன். புளியின் அமிலம் கறுத்த ஆக்சைடைக் கரைக்கிறது. கூடவே தேய்க்கும் நார் வரிகளையும் வழித்துவிடுகிறது. அப்படித் துலக்கிய காசு எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மாதிரி பளிச்சிடும், ஒளி நகராது. நிறமும் புதுச்செம்பின் ஆரஞ்சுச் சிவப்பாக இல்லாமல் வெளிறிய இளஞ்சிவப்பாகத் தெரியும். இன்னொரு சோதனையும் உண்டு. இயல்பாக முதிர்ந்த காசில் எழுத்துகளின் இடுக்கில்தான் சிவப்பு கடைசிவரை தங்கும்; கன்னம், கூந்தல் போன்ற மேடுகள் முதலில் பழுக்கும். மேடு தேய்ந்து மழுங்கியிருக்கிறது, ஆனால் அதுவே சிவப்பாக மின்னுகிறது என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

நம்பிக்கை: பழுப்பேறியிருந்தால் பல கை மாறியது.

உண்மை: பெட்டியில் சும்மா கிடந்தாலும் செம்பு பழுக்கும், ஈரமும் கந்தகமும் கலந்த காற்று போதும். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனங்கள் புழங்காத செப்புக்காசுக்கு 60 முதல் 70 வரை ஓர் எண் கொடுத்துவிட்டு, சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என்று நிறத்தைத் தனியே குறிப்பது இதனால்தான். 65 பெற்ற பழுப்புக் காசும் உண்டு, 62-ஐத் தாண்டாத சிவப்புக் காசும் உண்டு. (இந்த எண்முறையை 1949-இல் அமெரிக்கப் பெரிய செண்டுகளுக்காக வகுத்தவர் வில்லியம் ஷெல்டன். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் நல்ல காசுகளை அவர் திருடி, மட்டமானவற்றை மாற்றி வைத்தது பின்னாளில் அம்பலமானது. ஆளின் பெயர் கெட்டது, அளவுகோல் நிலைத்தது.) ஒளிப்பட்டை மேடுகளின் மீதும் அறுபடாமல் ஓடினால் பழுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நம்பிக்கை: புழங்காத காசில் கீறலே இருக்காது.

உண்மை: இருக்கும். அக்கசாலையிலேயே காசுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, மூட்டையில் உரசித்தான் வெளியே வருகின்றன.

நம்பிக்கை: யார் கையும் படாத காசென்றால் பொலிவும் இருந்தே தீரும்.

உண்மை: மெட்ராஸுக்கு வர வேண்டிய காசுகளே இதற்குச் சாட்சி. பர்மிங்காமின் சோஹோ அக்கசாலையில் 1808-ஆம் ஆண்டிட்டு அடித்த 10 காசு, 20 காசு செம்புகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அந்தக் காசுகள் ஏராளமாக மீட்கப்பட்டன. ஒருநாள்கூடச் சந்தையில் புழங்காதவை. ஆனால் அவற்றில் பல, உப்புநீர் அரித்துச் சொரசொரத்துப் போனவை. தேய்மானம் இல்லை, பொலிவும் இல்லை.

நம்பிக்கை: தரநிர்ணய நிறுவனம் முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறைக்குள் போய்விட்டால் சிவப்பு அப்படியே நிற்கும்.

உண்மை: உறைக்குள்ளும் செம்பு மெல்லப் பழுக்கலாம். அதனால் உறையின் சீட்டில் ‘சிவப்பு’ என்றிருந்தாலும் காசின் இன்றைய நிறத்தைப் பார்த்து விலை பேசுங்கள். தூரத்திலிருந்து வாங்குவதானால் புகைப்படத்தோடு நிறுத்தாமல், விளக்கின் கீழே காசைச் சாய்த்துக் காட்டும் காணொளி ஒன்றைக் கேளுங்கள்.