வாசிக்கிறவர் கண்ணுக்கு எழுது

அன்புள்ள தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் ஆராதனைக்காக நீ அமைத்த ஸ்கோர் வந்தது. மாயாமாளவகௌளையில் கீர்த்தனை, நாலு குரல், கீபோர்டு, ஒரு கிளாரினெட். மியூஸ்ஸ்கோர் சாஃப்ட்வேரில் ஓடவிட்டுக் கேட்டேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் இந்தத் தாளைக் கொயருக்குக் கொடுத்தால் இரண்டாவது வரியிலேயே திணறிவிடுவார்கள். கம்ப்யூட்டருக்கு ஒலி தெரிந்தால் போதும். தாம்பரத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில், ஒரு தாளை மூன்று பேர் எட்டிப் பார்த்துப் பாடுகிறவர்களுக்கு அது போதாது.

ரிஷபத்தைப் பார். ஸட்ஜம் ‘சி’ என்று வைத்து மிடி கீபோர்டில் வாசித்து ஏற்றியிருக்கிறாய். சாஃப்ட்வேருக்கு ராகம் தெரியாது. சுத்த ரிஷபத்தை சி ஷார்ப் என்றும் சுத்த தைவதத்தை ஜி ஷார்ப் என்றும் எழுதி வைத்திருக்கிறது. காதுக்கு வித்தியாசமில்லை. கண்ணுக்கோ ஸவும் ரியும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன, ரி இருக்க வேண்டிய இடம் காலி. ஆல்டோவில் பாடுகிறவர் மேலே ஏறுவதா, அங்கேயே நிற்பதா? சுரத்தைத் தேர்ந்தெடுத்து ‘ஜே’ கீயை அழுத்து, டி ஃபிளாட் ஆகிவிடும். தைவதத்தையும் அப்படியே ஏ ஃபிளாட் ஆக்கு. ஒலி மாறாது, ராகம் தாளில் தெரியும்.

அடுத்தது வரி பிரிப்பு. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், 4/4-இல் இரண்டு பார் ஓர் ஆவர்த்தனம். உன் தாளில் ஒரு வரியில் ஐந்து பார், அடுத்ததில் மூன்று. இடம் பார்த்துச் சாஃப்ட்வேர் போட்டது அது. நாலாவது பாரைத் தேர்ந்து ‘என்டர்’ தட்டு, இப்படியே கடைசிவரை. ஒவ்வொரு வரியும் சமத்தில் தொடங்கும். நோட்ஸ் சரியாகப் படிக்கத் தெரியாத, ஆனால் கீர்த்தனையை மனப்பாடமாகப் பாடும் பெரியவர்கள்கூட இடம் தவறமாட்டார்கள். அவர்களை நம்பித்தான் பாதிக் கொயர் ஓடுகிறது.

பிறகு அளவு. மியூஸ்ஸ்கோர் 4, சுரம் எழுதும் ஐந்து கோட்டை 7 மில்லிமீட்டர் உயரத்தில் போடும், கோட்டுக்குக் கோடு 1.75. அதை 2 ஆக்கு. ஒரு பக்கம் கூடும், ஜெராக்ஸ் செலவும் கூடும், கூடட்டும். குரோம்பேட்டையிலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் ரயிலில் போனைப் பார்த்துப் படித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஏ5 அளவில் தனிப் பிடிஎஃப் போடு.

பாட்டு வரிகளில் மெய்யெழுத்தைத் தனிச் சுரத்தின் கீழ் விட்டிருக்கிறாய். ‘ஆ-ண்-ட-வர்’ என்று யார் பாடுவார்கள்? ‘ஆண்-ட-வர்’ என்று பிரி.

கமகத்துக்காகக் குட்டிச் சுரங்களை அடுக்கியிருக்கிறாயே, அவற்றைக் குரல் பார்ட்டுகளிலிருந்து எடுத்துவிடு. கமகத்தைத் தாளில் எழுதும் சிக்கல் உனக்குப் புதிது, ஊருக்குப் பழசு. 1890-களிலேயே ஏ. எம். சின்னசாமி முதலியார் சென்னையில் தியாகராஜர் கீர்த்தனைகளை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சிட்டார். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’யில் ஸரிகம எழுத்தை வைத்துக்கொண்டு, கமகங்களுக்குத் தனித்தனிக் குறி கொடுத்தார். என் கட்சி தீட்சிதர் கட்சி. சுரம் சுரமாகவே நிற்கட்டும், அசைவுக்கு மேலே ஒரு குறி போதும். மீதியை பிராக்டிஸில் நீ பாடிக் காட்டு.

கிளாரினெட்தான் அவசரம். நமக்கு வாசிக்கிறவருடையது பி ஃபிளாட் கிளாரினெட். எழுதியதைவிட ஒரு முழு சுரம் கீழே ஒலிக்கும். நீ ‘கான்சர்ட் பிட்ச்’ பட்டனைப் போட்டுவைத்தே பிரின்ட் எடுத்திருக்கிறாய். அந்தத் தாளை வைத்து அவர் வாசித்தால் கொயர் ஒரு சுருதி, அவர் ஒரு சுருதி. பட்டனை அணைத்துவிட்டு எடு. அவர் தாளில் ஸட்ஜம் ‘டி’யில் வர வேண்டும், அதைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்.

திருத்திய பிடிஎஃப்களை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. கிளாரினெட் பார்ட்டை மட்டும் நேரில் கொண்டுபோய்க் கொடு. அவர் வாட்ஸப் பார்ப்பதில்லை.

அன்புடன்,
உன் கொயர் மாஸ்டர்