சோறும் பருப்பும்

தறியில் நாள் முழுதும் மிதி மிதிப்பவருக்கு வயிறு நிறைந்தாற் போதுமென்று நாம் எண்ணிவிடுகிறோம். சோறு வேலைக்கு வலுத் தரும். தேய்ந்த தசை புதுப்பிக்கப்படவும் குழந்தை வளரவும் புரதச்சத்து வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தபடி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு அது ஏறத்தாழ 46 கிராம். 400 கிராம் அரிசியில் 32 கிராமே கிட்டும். 80 கிராம் பருப்புச் சேர்ந்தால் 49 கிராமுக்குக் குறையாது.

அளவு மட்டுமன்று. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. இட்லிக்கு உளுந்து சேர்த்த நம் பாட்டிமார் இதனை எந்நூலிலும் படித்தவரல்லர்!

சம்பா அறுவடைக்குச் சற்று முன்னர் வயல் ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிக்கும் அங்கத்தினர் சிலர், விளைந்ததையெல்லாம் விற்றுவிட்டு, வீட்டில் தெளிந்த ரசத்தோடு சோறுண்பதைக் கண்டிருக்கிறோம். கடன் நெருக்குகிறது என்பர், மெய்தான். ஆயினும் கருவுற்ற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டியதை அளந்து வைத்த பின்னரே மூட்டை கட்டுதல் வேண்டும். நாளைக்கு 80 கிராம் வீதம், ஆளொருவருக்கு ஆண்டிற்கு 29 கிலோ ஆகும்.