குளிர்ந்த ஊரில் கொதிக்கும் கணிப்பொறி

(பத்தாம் வகுப்பு மாணவியர்)

முன்னுரை

"ஊட்டியில் விசிறி எதற்கு?" என்று சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். நம் வீடுகள் பலவற்றில் கூரையில் மின்விசிறி கிடையாது. ஆனால் அதே வீட்டின் ஒரு மூலையில், ஒரு தகரப் பெட்டிக்குள், மூன்று நான்கு சிறு விசிறிகள் ஓயாமல் சுழல்வதைக் காணலாம். அந்தப் பெட்டிதான் கணிப்பொறி. நாமெல்லாம் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கும்போது அது மட்டும் ஏன் கொதிக்கிறது? நம் மலைக்குளிர் அதற்கு உதவுகிறதா, இல்லையா? பழைய கணிப்பொறி ஒன்றை எப்படிப் புதுப்பிப்பது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

கணிப்பொறியின் மூளை பிராசசர் எனப்படும். விரல்நுனி அளவுள்ள சிலிக்கான் சில்லில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு சிறு சுவிட்சு. ஒரு வினாடியில் பல கோடி முறை அவை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் சிறிதளவு மின்னாற்றல் வெப்பமாக மாறுகிறது. விளையாட்டுக்கென்று செய்த கணிப்பொறியில் பிராசசருடன் கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் இருக்கும். திரையில் தோன்றும் இலட்சக்கணக்கான புள்ளிகளின் நிறத்தையும் ஒளியையும் ஒரே நேரத்தில் கணக்கிடுவது அதன் வேலை. பெட்டியில் மிக அதிகமாக மின்சாரம் தின்பதும் பெரும்பாலும் அதுவே.

கணிப்பொறி உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகிறது. 400 வாட் இழுக்கும் கணிப்பொறி, பழைய 100 வாட் குண்டு பல்புகள் நான்கினை ஒரு பெட்டிக்குள் எரியவிட்டதற்குச் சமம். சில்லின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியசை நெருங்கினால், பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் திடீரென்று அணைந்துவிடும். "கணிப்பொறி பழுதாகிவிட்டது" என்று நாம் நினைக்கும் பல சமயங்களில் நடப்பது இதுதான்.

தேயிலைத் தொழிற்சாலை சொல்லும் பாடம்

நம்மில் பலர் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்திருப்போம். பறித்து வந்த பச்சை இலையை முதலில் நீண்ட தொட்டிகளில் பரப்பி வாட்டுவார்கள். கம்பிவலையின் மேல் இலை கிடக்கும்; கீழிருந்து பெரிய விசிறி காற்றை ஊதும். இலையை அளவுக்கு மீறிக் குவித்தால் காற்று ஊடுருவாது. மேலே ஈரமும் கீழே வாட்டமுமாக இலை கெடும். விசிறி எவ்வளவு பெரியதாயினும் வழி அடைபட்டால் பயனில்லை.

கணிப்பொறியிலும் அதே கதைதான். பிராசசரின் மேல் ஹீட் சிங்க் என்னும் உலோகத் தகடுகளின் அடுக்கு பொருத்தப்பட்டிருக்கும். சில்லின் வெப்பம் அத்தகடுகளுக்குப் பரவுகிறது. தகடுகளின் இடையே விசிறி காற்றைச் செலுத்துகிறது. தகடுகளுக்கு இடையில் தூசி கம்பளம் போல் படிந்தால் காற்றுக்கு வழியில்லை. சில்லுக்கும் உலோகத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளும் உண்டு. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அவ்விடைவெளிகளை நிரப்பத் தெர்மல் பேஸ்ட் என்னும் பசையைத் தடவுகிறார்கள். சில ஆண்டுகளில் அது காய்ந்து போகலாம்.

காற்றோட்டத்தின் விதி எளியது. பெட்டியின் முன்புறமும் கீழ்ப்புறமும் குளிர்ந்த காற்று நுழைய வேண்டும். பின்புறமும் மேற்புறமும் சூடான காற்று வெளியேற வேண்டும். சூடான காற்று மேலே எழும் என்பதை ஆறாம் வகுப்பிலேயே படித்தோம் அல்லவா? பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைப்பதும், குளிருக்குப் பயந்து துணியால் மூடுவதும் அதன் மூக்கைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

குளிர்ந்த காற்று, மெலிந்த காற்று

இனி நம் மலைக்கே உரிய செய்திக்கு வருவோம். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் பருப்பு வேக நெடுநேரம் ஆவதன் காரணம் அதுவே. காற்றழுத்தம் குறைவு, காற்றும் மெலிந்தது. ஒரு கனமீட்டர் காற்றின் எடை சென்னையில் உள்ளதைப் போல் ஐந்தில் நான்கு பங்குதான் இங்கே இருக்கும்.

விசிறி காற்றைக் கன அளவில்தான் தள்ளுகிறது. வெப்பத்தைச் சுமப்பதோ காற்றின் எடை. எனவே, அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் இங்கே குறைந்த வெப்பத்தையே சுமந்து செல்லும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சென்னையில் அறை வெப்பநிலை 33 டிகிரி என்றும், வேலை செய்யும் சில்லு அறையைவிட 40 டிகிரி கூடுதலாக இருக்கிறது என்றும் கொள்வோம். சில்லின் வெப்பநிலை 73 டிகிரி. அதே கணிப்பொறியை 18 டிகிரி உள்ள உதகை அறையில் வைத்தால் 58 டிகிரிதானே இருக்க வேண்டும்? இல்லை. காற்று ஐந்தில் நான்கு பங்காக மெலிந்ததால், அந்த 40 டிகிரி வேறுபாடு மிக அதிகமாகப் போனால் 50 ஆகலாம். அப்போது சில்லின் வெப்பநிலை 68 டிகிரி. ஆக, குளிர் நமக்கு 15 டிகிரியைக் கொடையாகத் தருகிறது. உயரம் அதில் 10 டிகிரி வரை திரும்ப எடுத்துக்கொள்கிறது! "ஊட்டிக் குளிரில் கணிப்பொறிக்குக் கவனிப்பே வேண்டாம்" என்பது இதனால் தவறாகிறது.

தண்ணீரால் குளிர்விக்கும் கருவிகளும் கடையில் கிடைக்கின்றன. தண்ணீர் வெப்பத்தை நன்றாகச் சுமக்கும். ஆனால் அந்தத் தண்ணீரும் கடைசியில் ரேடியேட்டர் வழியாகக் காற்றிடம்தான் வெப்பத்தை ஒப்படைக்க வேண்டும். மெலிந்த காற்றிலிருந்து அதற்கும் விடுதலை இல்லை.

மற்றொரு வழி செலவில்லாதது. சில்லின் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், 0.9 × 0.9 = 0.81. அதாவது வேகம் மாறாமலே, சுவிட்சுகள் திறந்து மூடுவதால் எழும் வெப்பம் நூற்றுக்குப் பத்தொன்பது குறைந்துவிடும். பல கணிப்பொறிகளில் இதற்கு வசதி உண்டு. விஷயம் தெரிந்தவரின் துணையுடன் சிறிது சிறிதாகச் செய்து பார்க்கலாம்.

பனியும் ஈரமும் கம்பளிச் சட்டையும்

மூடுபனிக் காலத்தில் கணிப்பொறி ஓடிக்கொண்டிருந்தால் அச்சமில்லை. சுற்றியுள்ள காற்றைவிட அது சூடாக இருப்பதால் அதன்மேல் நீர் படியாது. ஆபத்து வேறிடத்தில் உள்ளது. குளிர்ந்த பெட்டியை இங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு எடுத்துச் சென்று உடனே திறந்தால், அங்குள்ள வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தின்மேல் நீர்த்துளிகளாகப் படியும். பெட்டியை மூடியபடியே சில மணி நேரம் வைத்து, அது அறை வெப்பநிலைக்கு வந்தபின் இயக்குவதே நல்லது.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும்போது பகற்காற்று வறண்டிருக்கும். அப்போது கம்பளிச் சட்டையைக் கழற்றினால் படபடவென்று பொறி பறப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த நிலைமின்சாரம் நமக்கு விளையாட்டு. நுண்ணிய சில்லுக்கோ எமன். ஆகவே பெட்டியைத் திறக்குமுன் கம்பளிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட வேண்டும்.

பழைய ஹார்டு டிஸ்கினுள் வட்டின்மேல் படிக்கும் முனை மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. ஆகவே சாதாரண ஹார்டு டிஸ்குகளுக்கு ஏறத்தாழ 3,000 மீட்டர் என்று உயர வரம்பு வைத்திருக்கிறார்கள். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், நாம் தப்பினோம்! எஸ்.எஸ்.டி. என்னும் புதிய வகையில் சுழலும் பாகமே இல்லாததால் அவ்வரம்பும் இல்லை, வேகமும் மிகுதி.

நாங்கள் செய்து பார்த்தது

எங்கள் தோழி ஒருத்தியின் அண்ணன் உதிரிப் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கித் தாமே பூட்டிய விளையாட்டுக் கணிப்பொறி ஒன்று, எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தது. அவர் வேலைக்காகக் கோவைக்குச் சென்றபின் அது அரை மணி நேரத்துக்கு ஒருமுறை அணைந்து போயிற்று. பழுது பார்க்குமிடம் ஒன்றில், "மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை, தேயிலை பறிக்கும் அவள் அம்மாவின் பல மாதக் கூலி. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றும் வீட்டில் பேச்சு எழுந்தது. "பெண்பிள்ளைகளுக்கு ஸ்க்ரூடிரைவர் எதற்கு?" என்று கேட்டவர்களும் உண்டு.

இயற்பியல் ஆசிரியையின் மேற்பார்வையில் நாங்கள் நால்வர் அதைத் திறந்தோம். அணைந்து போகுமுன் பிராசசரின் வெப்பநிலை என்னவென்று கணிப்பொறியே திரையில் காட்டியது: 90 டிகிரிக்கு மேல்! ஹீட் சிங்கில் தூசி கெட்டியாக அடைத்திருந்தது. அடுப்புப் புகையும் அதோடு கலந்திருந்தது. தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாய் உதிர்ந்தது. நாங்கள் செய்த வேலை வரிசையாக இது:

1. சுவர்ச் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினோம்.
2. விசிறியின் இதழ்களை விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றினோம்.
3. பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, சிறு பட்டாணி அளவு புதிய பசையை வைத்தோம்.
4. ஹீட் சிங்கின் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, சமமாக இறுக்கினோம்.
5. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வைத்தோம்.

பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதிலுள்ள கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை ஒருவரும் வீட்டில் திறக்கலாகாது.

செலவானது பசைக்கும் ஆல்கஹாலுக்கும் மட்டுமே. வெப்பநிலை 70 டிகிரிக்குக் கீழே இறங்கியது. மாலை முழுவதும் ஓடியும் அது அணையவில்லை. மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை! பிறகு அண்ணன் அனுப்பிய பணத்தில் எஸ்.எஸ்.டி. ஒன்று மட்டும் வாங்கிப் பொருத்தினோம். இப்போது சனிக்கிழமைகளில் லைன் வீட்டுக் குழந்தைகள் அதில் பாடம் படிக்கிறார்கள். நாங்கள் பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியைப் பழகுகிறோம்.

புதுப்பிக்க விரும்புவோருக்கு இதையே வரிசையாகச் சொல்வோம். முதலில் சுத்தம், அடுத்து எஸ்.எஸ்.டி.; பிறகு தேவையானால் ரேம்; கிராபிக்ஸ் கார்டு கடைசியில்தான். கார்டை மாற்றுமுன் பவர் சப்ளை அதைத் தாங்குமா என்றும், பெட்டியில் அதற்கு இடமும் காற்றோட்டமும் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

விளையாட்டுப் பெட்டியால் பயன் உண்டா?

"விளையாட்டுக் கணிப்பொறி நேரத்தை விழுங்கும் பூதம்" என்று பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆயினும் கத்தி காய் நறுக்கவும் உதவும் அல்லவா? 2012-ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, விளையாட்டுக்கென்று விற்கப்பட்ட இரண்டே கிராபிக்ஸ் கார்டுகளைக்கொண்டு, படங்களை அடையாளம் காணக் கணிப்பொறிக்குக் கற்பித்தார். இன்றைய செயற்கை நுண்ணறிவு வளர்ச்சிக்கு அது பெரிய திருப்பம். அவருடைய பேராசிரியர் ஜெஃப்ரி ஹின்டன் 2024-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள வானொலித் தொலைநோக்கி மலைச்சரிவிலேயே சாய்ந்து நிற்கிறது. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் 1970-இல் கட்டி முடித்தது அது. அதே நிலையத்தின் கிரேப்ஸ்-3 என்னும் அண்டக்கதிர் ஆய்வும் உதகையிலேயே நடைபெறுகிறது. 2015 ஜூன் 22 அன்று, சூரியனிலிருந்து வந்த புயல் பூமியின் காந்தக் கவசத்தைச் சிறிது நேரம் மெலியச் செய்தபோது, மியூவான் என்னும் துகள்கள் இரண்டு மணி நேரம் மிகுந்து வந்ததை அக்கருவி பதிவு செய்தது. அதை விளக்கப் பல வாரக் கணக்கீடு தேவைப்பட்டது. அதற்கு உதவியது 1,280 கோர்கள் கொண்ட கணிப்பொறித் தொகுதி. அதை வெளியிலிருந்து வாங்கவில்லை. உதகை ஆய்வுக்கூடத்தின் இயற்பியலாளர்களும் பொறியாளர்களும் தாங்களே அமைத்தார்கள். அந்த ஆய்வு 2016-இல் வெளியாகி உலகெங்கும் பேசப்பட்டது.

முடிவுரை

கணிப்பொறி மந்திரப்பெட்டி அன்று. வெப்பம், காற்று, அழுத்தம், மின்சாரம் என நம் பாடநூலில் உள்ளவையே அதற்குள்ளும் ஆட்சி செய்கின்றன. அவற்றைப் புரிந்துகொண்டால், "போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்" என்ற சொல்லைக் கேட்டவுடன் தலையாட்ட மாட்டோம், "எது போய்விட்டது, எப்படித் தெரியும்?" என்று பணிவோடு கேட்போம். பெற்றோர்களே, வீட்டுப் பரணில் பழைய கணிப்பொறி இருந்தால் எடைக்குப் போடுமுன் உங்கள் பெண்ணிடம் ஒருமுறை காட்டுங்கள். தோழியரே, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தைரியமாகத் திருகைக் கழற்றுங்கள்!