பெயர் கதவைத் திறக்கும்

வினாயகபுரம்

அன்பு மருமகளே,

முதல் வாக்குப் போடப்போகிறாய். தலைவரின் வீட்டிலிருந்தே அடுத்த தலைவரும் வருவது சரியா என்று கேட்டிருந்தாய். நம் கரையோரத்தில் நடந்ததையே சொல்கிறேன்.

சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி எம்.எச்.எம். அஷ்ரஃப், 1981இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கினார். பாராளுமன்றம் போனது 1989இல்தான். இயக்கத்தைக் கட்சியாக்கி வளர்க்க அத்தனை வருடம் உழைத்தார். 1994இல் அமைச்சரானார், ஒலுவிலில் பல்கலைக்கழகம் எழுந்ததும் அவர் முயற்சியில்தான்.

2000 செப்டெம்பர் 16, அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்து அவர் மறைந்தார். ஒக்டோபர் 10 பொதுத்தேர்தல். துக்கம் ஆறாத சனத்துக்கு அவருடைய வீட்டு முகம் வேண்டியிருந்தது. மனைவி பேரியல் அஷ்ரஃப் அம்பாறையில் வென்று அமைச்சரானார். கட்சித் தலைமையோ கண்டியைச் சேர்ந்த ரவூப் ஹக்கீமிடம் போனது. அடுத்த வருடம் ஹக்கீம் அரசை விட்டு விலகினார். பேரியல் அரசோடு நின்றார். ஒருவர் கட்டியது இரண்டாகப் பிரிந்தது. பின்னர் அதே கட்சியில் இருந்த அதாஉல்லாவும் தனிக் கட்சி கண்டார். அவருடைய மகன் அக்கரைப்பற்று மாநகர மேயரானார்.

இது நம்மூர்ப் பழக்கம் மட்டுமல்ல. 1952இல் டி.எஸ். சேனநாயக்கவுக்குப் பின் மகன் டட்லி பிரதமரானார். பிரதமர் பண்டாரநாயக்க 1959இல் கொல்லப்பட, மறுவருடமே மனைவி சிறிமாவோ பிரதமரானார். சமமான பலர் ஒரே நாற்காலிக்குப் போட்டியிடும்போது, சண்டையைத் தவிர்க்கக் கட்சிகள் குடும்பத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பெயரும் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

தமிழ்நாட்டு ஸ்டாலினும் கட்சித் தலைவரின் மகன்தான், ஆனால் வேறு வழியில் வந்தவர். 1976இல் சிறை, 1996இல் சென்னை மேயர், 2009இல் துணை முதல்வர், 2018இல்தான் கட்சித் தலைவர். நீண்ட பயிற்சிதான், மறுக்கமாட்டேன். ஆனால் அதே பயிற்சி குடும்பத்துக்கு வெளியே எத்தனை பேருக்குக் கிடைத்தது என்றும் கேட்க வேண்டும்.

தலைவரின் பிள்ளையாகப் பிறந்தது யாருடைய குற்றமும் அல்ல. பெயர் கதவைத் திறந்துவிடும். உள்ளே போய்ச் செய்த வேலையைத்தான் நாம் எடைபோட வேண்டும். ஒரு வேட்பாளரின் தகப்பன் செய்ததை நீக்கிவிட்டுப் பார்: இவர் தானாகச் செய்தது என்ன? கட்சிக்குள் தேர்தலில் வென்று வந்தாரா, வீட்டில் வைத்து நியமிக்கப்பட்டாரா?

பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு வாக்கும், அதே பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கும் உனக்கு உண்டு. பெரிய குடும்பத்துப் பெயருக்குக் கீழே, உழைத்த ஒருவரின் பெயரும் இருக்கலாம். முழுப் பட்டியலையும் வாசித்த பிறகே புள்ளடி போடு.

அன்புடன்,
உன் மாமா