கரியும் கணக்கில் சேர்ந்த கதை

பொருளாதார வகுப்பில் நிலம், உழைப்பு, மூலதனம், அமைப்பு என நான்கு உற்பத்திக் காரணிகளைப் படிக்கிறோம். அடுத்த மணியில் இயற்பியல் ஆசிரியை வந்து, ஆற்றல் இன்றி எந்த வேலையும் நடவாது என்கிறார். அப்படியானால் அந்த நால்வரில் ஆற்றல் எங்கே? இக்கேள்வியை வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் ராபர்ட் அயர்ஸ் (1932–2023) என்னும் அமெரிக்க இயற்பியலாளர்.

1969-இல் ஆலன் நீஸ் என்ற பொருளாதார அறிஞருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை நாமறிந்த விதியிலிருந்தே புறப்படுகிறது. பொருள் அழிவதில்லை. ஆகவே ஆலைக்குள் சென்ற கரியும் தாதுவும் பண்டமாகவோ, புகையாகவோ, சாம்பலாகவோ வெளிவந்தே தீரும். பண்டமும் ஒருநாள் குப்பையாகும். மாசு என்பது எப்போதோ நேரும் விபத்தன்று, உற்பத்தியின் உடன்பிறப்பு என்று அவர்கள் காட்டினர்.

ஆற்றலும் அழிவதில்லை, பின் எதைத்தான் செலவழிக்கிறோம்? ஒரு குடம் வெந்நீர் முற்றத்தில் ஆறிவிட்டால் அதன் வெப்பம் காற்றில் கலந்து அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அதைக் கொண்டு ஒரு முட்டையையும் அவிக்க முடியாது! வேலை செய்யும் தகுதி போய்விட்டது. அத்தகுதியை அறிவியலார் 'எக்ஸர்ஜி' என்பர். அதில் உண்மையாகவே வேலையாக மாறும் பகுதியே பயனுறு வேலை.

இனி கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் 1909 முதல் 1949 வரை ஒரு மணி உழைப்பின் விளைவு ஏறத்தாழ இரட்டித்தது. அதில் மூலதனத்தால் விளைந்தது எட்டில் ஒரு பங்கே என்று 1957-இல் ராபர்ட் சோலோ கணக்கிட்டார். எஞ்சிய ஏழு பங்குக்குத் 'தொழில்நுட்ப மாற்றம்' எனப் பெயரிட்டார். பெயர் வைத்தால் விளக்கமாகிவிடுமா? அயர்ஸும் பெஞ்சமின் வார் என்பவரும் உழைப்பு, மூலதனம் ஆகியவற்றோடு பயனுறு வேலையையும் சேர்த்துக் கணக்கிட்டனர். 1900-இல் அமெரிக்க மின்நிலையங்கள் எரிபொருளின் ஆற்றலில் சுமார் 4 சதவீதத்தையே மின்சாரமாக்கின; 1970-க்குள் அது 33 சதவீதத்தை எட்டியது. ஒரே அளவு கரி, எட்டு மடங்கு வேலை! இத்தகைய மாற்றங்களைச் சேர்த்ததும், 1900 முதல் 1970-களின் நடுப்பகுதி வரையிலான வளர்ச்சி பெரும்பாலும் விளங்கிவிட்டது. 2009-இல் இதை நூலாகவும் வெளியிட்டனர்.

எரிபொருளுக்கான செலவு தேசிய வருமானத்தில் சிறு பங்குதானே என்று பொருளாதார அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. உப்பின் விலையை வைத்துக் குழம்பில் அதன் பங்கை எடைபோடுவது போன்றது அந்த வாதம் என்றே நமக்குத் தோன்றுகிறது. எனினும் 1970-களுக்குப் பின் அயர்ஸின் கணக்கிலும் சிறு மிச்சம் விழுந்தது. அது கணிப்பொறியின் வேலையாக இருக்கலாம் என்பது அவர் ஊகம்.